சேவ் ஃபைலில் கை வைப்பது எப்படி: ஊர் கட்டும், நாடு ஆளும் கேம்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் பகலில் யாரும் தெருவில் இறங்க முடியாது. பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊர் கட்டுகிறார்கள், நாடு பிடிக்கிறார்கள். கஜானா காலியானதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். காட்பாடி ஹாஸ்டல் மாணவர்கள், குடியாத்தத்திலிருந்து வரும் தம்பிகள், பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சேவ் ஃபைல்னா என்ன அண்ணா? அதுக்குள்ள என்னதான் இருக்கு?

மளிகைக் கடைக்காரர் ராத்திரி கடை சாத்தும் முன் எழுதும் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் எவ்வளவு பணம், எந்த அலமாரியில் என்ன சரக்கு, யார் எவ்வளவு பாக்கி என்று எழுதிவிட்டுப் போனால் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். சேவ் ஃபைலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

1993இல் வந்த சிம்சிட்டி 2000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊர் 128க்கு 128 கட்டம், மொத்தம் 16,384 கட்டங்கள். நிலத்தின் உயரத்துக்கு ஒரு பகுதி, சரிவுக்கு ஒரு பகுதி, கட்டிடங்களுக்கு ஒரு பகுதி, ஊர்ப் பெயருக்கு ஒரு பகுதி, பணமும் பொதுக் கணக்கும் இன்னொரு பகுதி என்று ஃபைலில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பிற்கால கேம்களும் அடிப்படையில் இப்படித்தான், அளவு மட்டும் பெரிது.

அந்த ஃபைல் எங்க இருக்குன்னே தெரியலையே?

விண்டோஸில் முதலில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள். யூரோபா யுனிவர்சாலிஸ் 4, ஸ்டெல்லாரிஸ் இரண்டும் அங்கே பாரடாக்ஸ் இன்டராக்டிவ் என்ற ஃபோல்டருக்குள் ‘சேவ் கேம்ஸ்’ என்று வைத்திருக்கும். பல கேம்களுக்கு ‘மை கேம்ஸ்’ என்ற ஃபோல்டர் உண்டு. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் தன் சேவ் ஃபைலை ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டரில், கலோசல் ஆர்டர் என்ற பெயருக்குக் கீழ் வைக்கிறது. ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் போட்டால்தான் கண்ணில் படும்.

பழைய கேம்களில் ஒரு சிக்கல் உண்டு. அவை இன்ஸ்டால் ஆன இடத்திலேயே சேவ் எழுதப் பார்க்கும். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விடாமல், சத்தமில்லாமல் ஆப்டேட்டாவில் இருக்கும் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். சேவ் ஆகிறது, ஆனால் ஃபைல் இல்லை என்று வருபவர்களுக்கு நான் அங்கேதான் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மாத்துறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

காப்பி எடுக்க வேண்டும். கேமை முழுக்க மூடிவிட்டு, சேவ் ஃபைலை வேறொரு ஃபோல்டரில் தேதி போட்டு ஒட்டுங்கள். கேம் ஃபோல்டருக்குள்ளேயே காப்பி வைத்தால் ஆட்டோசேவ் (கேம் அவ்வப்போது தானாகவே எழுதும் சேவ்) அதன் மேல் எழுதிவிடலாம். அதனால் வெளியே வையுங்கள், முடிந்தால் பென்டிரைவிலும் ஒன்று.

அப்புறம் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். பணத்தை மாற்றினால் சேவ் செய்து, கேமில் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று தெரியாமல் வருகிறவர்கள்தான் என் கடையில் அதிகம். இருநூறு மணி நேரம் உட்கார்ந்து கட்டிய ஊர் அது. இரண்டு நிமிடம் காப்பிக்குச் செலவழிக்கலாம்.

ஃபைல்லயே கை வைக்காம காசு ஏத்த வழி இல்லையா?

பல கேம்களில் இருக்கிறது, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்தில் எல்லையில்லாப் பணம் தரும் மாட் (கேமின் நடத்தையை மாற்றும் சின்னக் கூடுதல் நிரல்) கேமோடு சேர்ந்தே வருகிறது. கன்டென்ட் மேனேஜரில் போட்டுக்கொள்ளலாம், சாதனைப் பட்டங்கள் மட்டும் கிடைக்காது. போக்குவரத்துக் கம்பெனி நடத்தும் ஓப்பன் டிடிடி கேமில் கன்ட்ரோல், ஆல்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பணம் கூட்டும் ஜன்னலே திறக்கும். சிவிலைசேஷன் 4இல் ஆட்டத்தின் நடுவிலேயே வரைபடத்தையும் பணத்தையும் மாற்றவிடும் வேர்ல்ட்பில்டர் இருக்கிறது. இப்படி வழி இருக்கும் கேமில் ஹெக்ஸ் எடிட்டரை (ஃபைலை எண்களாகவே காட்டி மாற்றவிடும் மென்பொருள்) திறப்பது வீண் வேலை.

எல்லா சேவ் ஃபைலையும் நோட்பேட்ல திறந்து மாத்திடலாமா?

முடியாது. சேவ் ஃபைல்கள் பெரும்பாலும் மூன்று விதம். சில வெறும் எழுத்து. விக்டோரியா 2 அப்படிப்பட்டது, திறந்தவுடன் படிக்கலாம். சில, எழுத்தை ஜிப் பண்ணி, அதாவது சுருக்கி, வைத்தவை. ஸ்டெல்லாரிஸ் சேவின் காப்பிக்கு ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் உள்ளே மெட்டா, கேம்ஸ்டேட் என்று இரண்டு ஃபைல் இருக்கும். கேம்ஸ்டேட்டில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது வகை பைனரி. மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை.

ஜிப் வகையில் மாற்றி முடித்துத் திரும்ப ஜிப் பண்ணும்போது கவனம் தேவை. உள்ளே இருக்கும் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ஜிப் பண்ண வேண்டும். ஃபோல்டரையே ஜிப் பண்ணினால் உள்ளே ஒரு அடுக்கு கூடிவிடும். கேமால் கண்டுபிடிக்க முடியாது.

யூரோபா யுனிவர்சாலிஸ்ல விஜயநகரம் ஆடுறேன், கஜானா காலி. எந்த இடத்துல மாத்தணும்?

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த நாட்டைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். கேம் 1444 நவம்பர் 11இல் தொடங்குகிறது. வேலூர்க் கோட்டை எழும்பியது 16ஆம் நூற்றாண்டு விஜயநகர ஆட்சியில் என்பதால், உங்கள் ஆட்டம் தொடங்கும்போது நம் கோட்டையே இல்லை. இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஃபைலைத் திறக்கிறேன்.

ஜிப்பாக இருந்தால் முந்தைய பதிலில் சொன்னபடி பிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேமில் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. விஜயநகரத்துக்கு வி, ஐ, ஜே. அந்தக் குறியைத் தேடினால் நூற்றுக்கணக்கான இடம் வரும், ஏனென்றால் மற்ற நாடுகளுடனான உறவு, போர்க் கணக்கு எல்லாவற்றிலும் அதே குறி வரும். நாட்டின் சொந்தக் கணக்கு இருக்கும் பகுதியில்தான் ‘டிரெஷரி’ என்ற வரியும் ‘மேன்பவர்’ என்ற வரியும் இருக்கும். டிரெஷரிக்கு எதிரே இருக்கும் எண்ணை மாற்றினால் போதும். மேன்பவர் ஆயிரக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும், 25.000 என்றால் 25 பேர் இல்லை, 25,000 வீரர்கள். அதைக் கவனிக்காமல் 50000 என்று போட்டு ஐந்து கோடி வீரர்களோடு வந்த தம்பி ஒருவர் உண்டு.

கடன் இருந்தால் கடன் பகுதியை ஃபைலிலிருந்து வெட்டாதீர்கள். கஜானாவில் பணத்தைக் கூட்டிவிட்டு, கேமுக்குள் போய் அங்கே கடனை அடையுங்கள். அப்படிச் செய்தால் கடனோடு தொடர்புடைய மற்றக் கணக்குகளை எல்லாம் கேமே சரிசெய்துகொள்ளும். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை வராது: பணத்தை மட்டும் நாம் மாற்றுவது, மீதி வேலையைக் கேமிடம் விடுவது. சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை) ஆன்சியாகவே இருக்கட்டும்; யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் ஐரோப்பியப் பெயர்களில் இருக்கும் குறி போட்ட எழுத்துகள் சிதைந்துவிடும். அயர்ன்மேன் (பழைய சேவுக்குத் திரும்ப விடாத முறை) ஆட்டமாக இருந்தால் இது எதுவும் நடக்காது, அந்தச் சேவ் பைனரி.

நோட்பேட்ல திறந்தா பொட்டி பொட்டியா, புரியாத எழுத்தா வருதே?

அதுதான் பைனரி வகை. நோட்பேடில் சேவ் பண்ணிவிடாதீர்கள், ஃபைல் கெட்டுவிடும். எச்எக்ஸ்டி போன்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் திறங்கள். ஒவ்வொரு பைட்டும் (0 முதல் 255 வரை ஒரு எண்ணை வைக்கும் இடம்) இரண்டு இலக்கமாகத் தெரியும். நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம், ஹெக்ஸில் பதினாறு பதினாறாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் முறையில் வைத்தால் அதுவே மாற்றித் தரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 என்பது ஹெக்ஸில் 2710. அதாவது 27, 10 என்று இரண்டு பைட். 27 என்பது நம் கணக்கில் 39. அதை 256ஆல் பெருக்கினால் 9,984. 10 என்பது 16. கூட்டினால் 10,000. பணத்துக்குப் பெரும்பாலும் நான்கு பைட் ஒதுக்குவார்கள். இப்போதைய பிசி கேம்கள் அதைச் சின்னப் பக்கத்திலிருந்து எழுதும்: 10 27 00 00. சிம்சிட்டி 2000 பெரிய பக்கத்திலிருந்து எழுதுகிறது: 00 00 27 10. 30,000 வேண்டுமென்றால் ஹெக்ஸில் 7530. முதல் முறையில் 30 75 00 00. இந்தத் திருப்பத்தை ஒரு தடவை கையால் எழுதிப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கடை பில் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

10 27னு தேடினா நிறைய இடத்துல வருது. அதுல எது காசு?

10,000 மாதிரி முழு எண் பல இடத்தில் வரும். அதனால் இரண்டு சேவ் எடுங்கள். கேமை நிறுத்திவைத்து முதல் சேவ். ஒரே ஒரு ரோட்டுத் துண்டு மட்டும் போட்டு, பணம் 9,990 என்று மாறியதும் இன்னொரு பெயரில் இரண்டாவது சேவ். முதல் ஃபைலில் 10,000 இருக்கும் இடத்தில் இரண்டாவதில் 9,990 எங்கே இருக்கிறது என்று பார்த்தால் அதுதான் பணம். எச்எக்ஸ்டியில் இரண்டு ஃபைலை ஒப்பிடும் வசதி இருக்கிறது. நேரம் ஓடாமல் நிறுத்திவைப்பது முக்கியம். ஓடிக்கொண்டிருந்தால் மக்கள்தொகை, தேதி, வண்டிகள் எல்லாம் மாறி வேறுபாடுகள் குவிந்துவிடும்.

ஒரு இடத்துலகூட வரலையே?

மூன்று காரணம் இருக்கலாம். ஃபைல் சுருக்கப்பட்டிருக்கலாம். ஓப்பன் டிடிடி நேர்மையாக முதல் நான்கு எழுத்திலேயே எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்று சொல்லிவிடும். சிம்சிட்டி 4 போன்றவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். இரண்டாவது, கேம் திரையில் காட்டும் எண்ணும் உள்ளே வைத்திருக்கும் எண்ணும் வேறாக இருக்கலாம். ரோலர்கோஸ்டர் டைகூன் பணத்தைப் பத்தால் பெருக்கி வைக்கிறது, சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் நூறால். மூன்றாவது, வேண்டுமென்றே கலைத்து எழுதியிருக்கலாம். ரோலர்கோஸ்டர் டைகூன் 2 கையிருப்புப் பணத்தின் பிட்களை (ஒரு பைட்டுக்குள் எட்டாக இருக்கும் 0, 1 குறிகள்) சுழற்றிக் கலைத்துத்தான் ஃபைலில் போடுகிறது.

இந்த மாதிரி இடங்களில் நான் ஃபைலோடு மல்லுக்கட்டுவதில்லை. கேம் ஓடும்போது மெமரியில் எண்ணைத் தேடி மாற்றும் சீட் என்ஜின் போன்ற கருவியில் மாற்றிவிட்டு, கேமுக்குள்ளிருந்தே சேவ் செய்கிறேன். ஃபைலை எழுதுவது கேம்தான் என்பதால் சுருக்குவது, சரிபார்ப்பது எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும். ஆன்டிவைரஸ் இதைப் பார்த்துக் கத்தும்; இன்ஸ்டால் ஆகும்போது கூடவே வேறு மென்பொருள் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆன்லைன் கேம் ஓடும்போது இதைத் திறந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

மாத்திட்டேன். இப்போ ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்லுது

முதலில் பழைய காப்பியை வைத்து வேலை செய்கிறதா பாருங்கள். செய்தால் தவறு நம் மாற்றத்தில்தான். பல கேம்கள் ஃபைலில் இருக்கும் பைட்களை எல்லாம் கூட்டி ஒரு சரிபார்ப்பு எண் எழுதிவைக்கும். ரோலர்கோஸ்டர் டைகூனில் அது ஃபைலின் கடைசி நான்கு பைட். நடுவில் ஒரு பைட் மாறினாலும் அந்தக் கூட்டுத்தொகை ஒத்துப்போகாது.

இன்னொரு காரணம் நீளம். சிம்சிட்டி 2000இல் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் நீளம் எழுதியிருக்கும். பணம் இருக்கும் பகுதி எளிய முறையில் சுருக்கப்பட்டது: ஒரு பைட் 1 முதல் 127 வரை இருந்தால் அடுத்த அத்தனை பைட்டையும் அப்படியே படி, 129 முதல் 255 வரை இருந்தால் அதில் 127 கழித்து, அடுத்த ஒரே பைட்டை அத்தனை முறை போடு. அதனால் 00 00 27 10இல் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் ஃபைலில் இரண்டு பைட்டாக இல்லாமல் சுருங்கிக் கிடக்கலாம். 27 10ஐ 75 30 ஆக்கினால் நீளம் மாறாது, வேலை நடக்கும். ஒரு லட்சம் போட வேண்டுமென்றால் மூன்றாவது பைட் தேவை; அதற்கு அங்கே இடமே இருக்காது. அளவாக ஏற்றிக்கொண்டு, தேவைப்பட்டால் பின்னால் இன்னொரு தடவை ஏற்றலாம்.

300 கோடி போட்டேன், கடன்னு காட்டுதே?

நான்கு பைட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதைத் தாண்டினால் எண் மறுபக்கம் சுற்றி வந்துவிடும். 300 கோடி போட்டால் கேம் அதை மைனஸ் 129 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 என்று படிக்கும். எல்லைக்குப் பக்கத்தில் போட்டாலும் அடுத்த மாத வரி வந்ததும் தாண்டிவிடலாம். பத்தாலோ நூறாலோ பெருக்கி வைக்கும் கேம்களில் எல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

சரியாத்தான் மாத்தினேன். திரும்பத் திறந்தா பழைய காசே நிக்குது

காரணம் ஸ்டீம் கிளவுட், அதாவது கேம் விற்கும் ஸ்டீம் உங்கள் சேவ்களை இணையத்தில் வைத்திருக்கும் வசதி. இணையத்தில் இருக்கும் பழைய சேவ் ஃபைலைக் கொண்டுவந்து உங்கள் ஃபைல் மேல் போட்டிருக்கும். ஸ்டீமில் அந்தக் கேமின் புராப்பர்ட்டீஸில் கிளவுட்டை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். கேமில் திறந்து புதுப் பெயரில் சேவ் செய்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்ல ஜெம் ஏத்தித் தர்றீங்களா?

முடியாது. யாராலும் முடியாது. அந்த ஆன்லைன் கேமில் காசு மாதிரி இருக்கும் ஜெம்மின் கணக்கு உங்கள் போனில் இல்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. போனில் தெரிவது கடையின் போர்டு மாதிரி. போர்டில் விலையை அழித்து எழுதினால் கல்லாவில் பணம் ஏறாது.

ஜெம் தருகிறோம் என்று பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கும் தளங்கள் திருட்டுக்காகவே நடத்தப்படுபவை. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்துவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது.

போன்ல ஆஃப்லைனா ஆடுற கேம்?

கொள்கை ஒன்றுதான். ஆனால் ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு ஒரு ஆப்பின் டேட்டா ஃபோல்டரை வேறு ஆப் தொடுவது கடினமாகிவிட்டது. இதற்காகப் போனை ரூட் செய்வதை (பூட்டுகளை நீக்கி முழு அதிகாரம் எடுப்பதை) நான் பரிந்துரைப்பதில்லை, வங்கி ஆப்கள் வேலை செய்யாமல் போகலாம்.

இது ஏமாத்து வேலை இல்லையா தம்பி? பையன் கெட்டுப்போயிடுவானே?

தோட்டப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது. நியாயமான கேள்வி. தனியாக ஆடும் கேமில் எதிரே இருப்பது இயந்திரம். அங்கே யாரும் தோற்பதில்லை, யார் பணமும் போவதில்லை. மற்றவர்களோடு ஆடும் ஆட்டத்தில் செய்தால் அது ஏமாற்று வேலைதான், அதற்கு நான் உதவுவதில்லை. அயர்ன்மேன் சேவ் ஃபைலை மாற்றிப் பட்டம் வாங்கித் தரச் சொன்னாலும் மாட்டேன், நேர்மையாக ஆடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பணம் நிரம்பியதும் ஆட்டம் சலித்துப்போகும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பையன் ஹெக்ஸ் கணக்கைக் கற்றுக்கொண்டு இரண்டு ஃபைலை ஒப்பிட்டு ஒரு எண்ணைக் கண்டுபிடித்தான். அதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.

சேவ் ஆகும்போது கரண்ட் போயிடுச்சு. இப்போ திறக்கவே மாட்டேங்குது

சேவ் எடிட்டிங்கை நான் கற்றுக்கொண்டதே இதற்காகத்தான். 2012இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் என் ஊர் ஒன்று இப்படிப் பாதி எழுதிய நிலையில் போனது. எட்டு மாத வேலை. அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை.

முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால், அல்லது ஹெக்ஸ் எடிட்டரில் முழுக்க 00 மட்டுமே தெரிந்தால், உள்ளே மீட்க எதுவும் இல்லை. ஆட்டோசேவ் இருக்கிறதா, ஸ்டீம் கிளவுட்டில் பழையது இருக்கிறதா, ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ ஏதாவது காட்டுகிறதா என்று அந்த வரிசையில் தேடுங்கள். மேலே சொன்ன கிளவுட் இங்கே நமக்கு உதவும். ஆனால் கெட்ட ஃபைல் கிளவுட்டுக்கு ஏறிவிடாதபடி முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, கெட்ட ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முன்பாதி ஒழுங்காக இருந்து கடைசியில் வெட்டுப்பட்டிருந்தால் நம்பிக்கை உண்டு. எழுத்து வகை என்றால் திறந்த அடைப்புக்குறிகள் மூடாமல் நிற்கும். பழைய ஆட்டோசேவிலிருந்து கடைசிப் பகுதியை எடுத்து ஒட்டி, அடைப்புக்குறிகளைச் சமன் செய்து, சிலருடைய ஆட்டத்தை மீட்டிருக்கிறேன். ராணிப்பேட்டைத் தம்பி ஒருவருக்கு இப்படி ஒட்டியதில் மூன்று மாத ஆட்டக் கணக்கு பின்னால் போனது, நாடு பிழைத்தது. பைனரி வகையில் ஒட்டு வேலை அரிதாகத்தான் கைகொடுக்கும்.

சிம்சிட்டி 2000ல வேலூரையே கட்டியிருக்கேன். பாலாறு போட மறந்துட்டேன். சேவ்லயே ஆறு வெட்ட முடியுமா?

இந்தக் கேள்வியோடு ஒரு கல்லூரி மாணவர் வந்தபோது எனக்கே ஆசையாகிவிட்டது. நிலத்தின் உயரம் இருக்கும் பகுதி சுருக்கப்படாதது: கட்டத்துக்கு இரண்டு பைட், மொத்தம் 32,768 பைட். அதில் ஐந்து பிட் உயரம், ஒரு பிட் தண்ணீர் மூடியிருக்கிறதா என்பது. பார்க்க எளிது. ஆனால் முதல் பதிலில் சொன்னேனே, சரிவுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. உயரத்தை மட்டும் இறக்கினால் சரிவுக் கணக்கு பழைய நிலத்தையே சொல்லும். கரை உடைந்து தொங்கும். அந்தக் கட்டங்களில் வீடோ ரோடோ இருந்தால் மூன்றாவது பகுதியும் முரண்படும்.

அதனால் விஜயநகரத்துக் கடனுக்குச் சொன்ன வழியையே எடுத்தோம். பணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு கேமுக்குள் போனோம். காட்பாடிக்கும் ஊருக்கும் நடுவே இருந்த வீடுகளை இடித்து, கேமின் நிலம் இறக்கும் கருவியாலும் தண்ணீர் வைக்கும் கருவியாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஒவ்வொரு கட்டமாக வெட்டினார். பணம் தீர்ந்தபோதெல்லாம் 27 10 இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தோம், நான்கு தடவை. ஆற்றின் அகலம் எத்தனை கட்டம் வைப்பது என்று கேட்டார். 2021 நவம்பரில் கரை முட்டி ஓடியதைப் பார்த்தவன் என்பதால் ஏழு கட்டம் வைக்கச் சொன்னேன். பாலத்தைக் கடைசியாகப் போட்டார். அதற்கு முந்தைய சேவின் காப்பி இன்னும் என் பென்டிரைவில் இருக்கிறது.